பீடோங் வட்டாரத்தில் நடைபெறும் பன்னாட்டு மாநாட்டுக்கு வருவோருக்கான பயண, அரங்கக் குறிப்புகள்

மாநாட்டு அழைப்பிதழில் 'கெடா, மலேசியா' என்னும் இரண்டு சொற்களைப் பார்த்தவுடன் கோலாலம்பூருக்கு விமானச் சீட்டு எடுத்துவிட்டு, மற்றவற்றை இறங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறவர்கள் பலர். கோலாலம்பூரில் நடைபெறும் மாநாட்டுக்கு அப்படி வரலாம். 1966இல் முதலாம் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடும், 1987இல் ஆறாம் மாநாடும், 2015இல் ஒன்பதாம் மாநாடும் அந்த நகரில் நடந்தமையால், மலேசியாவில் மாநாடு என்றாலே விடுதிக்குப் பக்கத்தில் அரங்கம், அரங்கத்துக்குப் பக்கத்தில் இரயில் என்ற எண்ணம் வெளியூர்த் தமிழர்களிடம் ஊன்றிப்போயிருக்கிறது. பீடோங் அத்தகைய ஊர் அன்று. பால்மரத் (ரப்பர்) தோட்டங்களுக்கு நடுவே, தோட்டத்து மக்கள் சம்பள நாளில் வந்து சாமான் வாங்கிப் போவதற்காக வளர்ந்த சிற்றூர் இது. மாநாட்டுக்கு வரும் விருந்தினர் இங்கே தடுமாறுவது விமானத்திலோ குடிநுழைவுச் சோதனையிலோ அன்று. கடைசிப் பத்துப் பதினைந்து கிலோமீட்டரில்தான். ஆகவே, பயணத்தைப் புறப்படும் ஊரிலிருந்து முன்னோக்கித் திட்டமிடாமல், அரங்க வாசலிலிருந்து பின்னோக்கித் திட்டமிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். நான் இவ்வட்டாரத் தோட்டமொன்றில் பிறந்தவன். இங்கு நடக்கும் கூட்டங்களுக்கு வருவோரை எதிர்கொண்டு அழைக்கும் பணியைப் பல ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். கீழே உள்ளவை அந்தப் பணியில் மீண்டும் மீண்டும் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளுக்கான விடைகள்.

ஊரும் அரங்குகளும்

பீடோங், கெடா மாநிலத்தின் கோலமூடா மாவட்டத்தில், சுங்கை பட்டாணி நகருக்கு வடக்கே உள்ளது. சுங்கை பட்டாணியிலிருந்து காரில் கால் மணி முதல் இருபது நிமிடத்துக்குள் வந்துவிடலாம். பன்னாட்டு அளவிலான கூட்டங்களைத் தாங்கக்கூடிய இடங்கள் இங்குள்ள பல்கலைக்கழக வளாகங்களே: செமிலிங்கில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது, மெர்போக்கில் மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கெடா கிளை இருக்கிறது. இரண்டும் ஊருக்கு வெளியே, பரந்த நிலப்பரப்பில் அமைந்தவை. வளாகத்தின் நுழைவாயிலிலிருந்து அரங்கம் வரை வெயிலில் நடக்கலாம் என்று எண்ண வேண்டாம். ஓட்டுநரிடம் பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் சொன்னால் அவர் காவல் சாவடியிலேயே இறக்கிவிடக்கூடும். எந்தக் கட்டடம், எந்த நுழைவாயில் என்பதை ஏற்பாட்டாளரிடம் முன்னதாகவே கேட்டு, மலாய் மொழியில் உள்ள பெயரோடு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். மண்டபத்துக்கு மலாயில் 'டேவான்' என்று பெயர். வழிகாட்டிப் பலகைகளில் அந்தச் சொல்லைத்தான் பார்ப்பீர்கள்.

கெடாவில் வார விடுமுறை

வெளிநாட்டினர் மட்டுமல்லாமல், கோலாலம்பூர்க்காரர்களும் மறந்துவிடும் செய்தி ஒன்று உண்டு. கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும் ஆகும். ஞாயிறு வேலை நாள். மாநிலத்தின் அரசு அலுவலகங்களும் பள்ளிகளும் அந்தக் கணக்கில்தான் இயங்குகின்றன. தலைநகரிலோ சனியும் ஞாயிறும் விடுமுறை. இதனால் உங்கள் தூதரகத்தோடும் கெடா அலுவலகம் ஒன்றோடும் ஒரே நாளில் பேசி முடிக்க வேண்டிய வேலை இருந்தால், திங்கள் முதல் வியாழன் வரையிலான நான்கு நாள்கள்தாம் உங்களுக்குக் கிடைக்கும். மாநாடு வெள்ளி, சனி, ஞாயிறு என்று அறிவிக்கப்பட்டிருந்தால், வியாழன் பிற்பகலுக்குள் நாணயம் மாற்றுதல், சிம் அட்டை வாங்குதல், பதிவு அலுவலகம் போன்ற வேலைகளை முடித்துக்கொள்வது நல்லது. வெள்ளிக்கிழமை நண்பகலில் தொழுகைக்காகப் பல கடைகளும் அலுவலகங்களும் மூடப்படும். அந்த இரண்டு மணி நேரத்தில் பள்ளிவாசல்களை ஒட்டிய சாலைகளில் வாகனங்கள் நிறைந்திருக்கும். ஒருமுறை ஐரோப்பாவிலிருந்து வந்த பேராசிரியர் ஒருவர் வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டரை மணிக்குக் கையில் ஒரு ரிங்கிட்டும் இல்லாமல் சுங்கை பட்டாணியில் இறங்கினார். நாணய மாற்றுக் கடை திறக்கும்வரை மூன்று மணி நேரம் அவரை ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்காரவைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அன்று அவருடைய அமர்வு பிற்பகல் இரண்டரை மணிக்கு.

நோன்பு மாதத்தில் மாநாடு அமைந்தால், பகலில் மலாய்க் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். தமிழர், சீனர் கடைகள் திறந்திருக்கும். தீபாவளி, சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள் ஆகிய விழாக்களை ஒட்டிய வாரங்களில் நாடு முழுவதும் மக்கள் சொந்த ஊருக்குத் திரும்புவதால் இரயிலில் இடம் கிடைப்பது அரிது.

நுழைவு ஆவணங்கள்

கடப்பிதழ் (பாஸ்போர்ட்) நாட்டுக்குள் நுழையும் நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். இந்தியக் குடிமக்களுக்கு 2023 டிசம்பர் 1 முதல் முப்பது நாள்வரை விசா தேவையில்லை; இச்சலுகை 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. இலங்கைக் கடப்பிதழ் உடையவர்கள் புறப்படுவதற்கு முன்பே மின்விசா பெற வேண்டும். விசா தேவையோ இல்லையோ, மலேசிய மின்னியல் வருகை அட்டையை நிரப்ப வேண்டியது 2024 ஜனவரி 1 முதல் கட்டாயம். வந்து சேர்வதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் அதை இணையத்தில் நிரப்ப வேண்டும். சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு விலக்கு உண்டு. அந்த அட்டைக்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் இணையத்தளம் எதுவாயினும் அது குடிநுழைவுத் துறையினுடையது அன்று என்று அறிந்து விலகிவிடுங்கள்.

அட்டையில் தங்கும் முகவரியைக் கேட்பார்கள். விடுதியின் முகவரியை அஞ்சல் குறியீட்டோடு எழுத வேண்டும். 'மாநாட்டு ஏற்பாடு' என்று எழுதினால் போதாது. திரும்பும் பயணச் சீட்டு, விடுதி முன்பதிவு, அழைப்புக் கடிதம் ஆகிய மூன்றையும் தாளில் அச்சிட்டுக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் இருக்கிறது என்பது உண்மைதான். எனினும் நீண்ட பயணத்துக்குப் பிறகு மின்கலம் தீர்ந்த கைப்பேசியோடு அதிகாரியின் முன் நிற்பது நல்ல தொடக்கமாகாது. மாநாட்டில் பேசுவதற்காக மதிப்பூதியம் பெறுகிறவர்கள், சாதாரண வருகை அனுமதி போதுமா, தொழில்முறை வருகை அனுமதி வேண்டுமா என்பதை ஏற்பாட்டாளரிடம் பல வாரங்களுக்கு முன்பே எழுத்தில் கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

இறைச்சி, பால் பொருள்கள், புதுப் பழங்கள், விதைகள், செடிகள் ஆகியவற்றைக் கொண்டுவர வேண்டாம். ஊரிலிருந்து முருங்கைக் குச்சியும் மல்லிகைப் பதியமும் அன்போடு கொண்டுவந்து விமான நிலையத்திலேயே இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அன்றாடம் உட்கொள்ளும் மருந்துகளை மருத்துவர் சீட்டோடும் அவற்றின் சொந்தப் பெட்டியோடும் கொண்டுவர வேண்டும். அறிமுகம் இல்லாதவர் தரும் பொட்டலத்தை எக்காரணம் கொண்டும் வாங்கி வராதீர்கள். போதைப்பொருள் குற்றங்களுக்கு இந்நாட்டில் தண்டனை மிகக் கடுமையானது.

வந்து சேரும் வழிகள்

பீடோங்குக்கு வர மிகவும் பொருத்தமான விமான நிலையம் பினாங்குத் தீவில் பாயான் லெப்பாசில் உள்ளது. சென்னையிலிருந்து பினாங்குக்கு நேரடி விமானச் சேவை 2024 டிசம்பரில் தொடங்கியது. உங்கள் பயண நாளில் அது உண்டா என்று பார்த்துவிட்டு, இல்லையெனில் கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ விமானம் மாறி வரலாம். கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்குப் பறக்கும் நேரம் ஏறத்தாழ ஒரு மணிதான். பினாங்கு விமான நிலையத்திலிருந்து பீடோங்குக்குக் காரில் வர, போக்குவரத்தைப் பொறுத்து ஒன்றே கால் முதல் இரண்டு மணி நேரம் ஆகும். விமான நிலையம் தீவின் தென்பகுதியில் இருப்பதால், 2014இல் திறக்கப்பட்ட இரண்டாம் பாலத்தின் வழியாக வருவது பெரும்பாலும் நெரிசல் குறைந்த வழி. 1985ஆம் ஆண்டின் பழைய பாலம் மாலை ஐந்து மணிக்குப் பிறகு தொழிற்சாலை வேலையாட்களின் வண்டிகளால் நிறைந்துவிடும்.

செலவைக் குறைக்க விரும்புவோருக்கு இன்னொரு வழி உண்டு. மாணவர்களுக்கு நான் இதையே சொல்வது வழக்கம். விமான நிலையத்திலிருந்து ரேபிட் பினாங் பேருந்தில் ஜார்ஜ்டவுன் படகுத்துறைக்கு வந்து, கடலைக் கடந்து பட்டர்வொர்த்தில் இறங்க வேண்டும். படகுத்துறைக்கு அருகிலேயே இரயில் நிலையம் இருக்கிறது. அங்கிருந்து பாடாங் பெசார் செல்லும் கொமுட்டர் இரயிலில் ஏறினால் முக்கால் மணி நேரத்துக்குள் சுங்கை பட்டாணிக்கு வந்துவிடலாம். பெட்டிகள் அதிகம் இருந்தால் இவ்வழி வேண்டாம்.

கோலாலம்பூரிலிருந்து தரைவழியாக வருவோருக்கு இடிஎஸ் என்று அழைக்கப்படும் மின்சார இரயில் மிகச் சிறந்தது. விமான நிலையத்தின் முதல் முனையத்திலிருந்து கேஎல்ஐஏ எக்ஸ்பிரஸ் இரயில் 28 நிமிடத்தில் நகரின் முதன்மை இரயில் நிலையமான கேஎல் சென்ட்ரலுக்குக் கொண்டுவரும். இரண்டாம் முனையத்திலிருந்து 33 நிமிடம். கேஎல் சென்ட்ரலிலிருந்து சுங்கை பட்டாணி வரை ஏறத்தாழ நான்கரை மணி நேரப் பயணம். ஈப்போவுக்கு வடக்கேயுள்ள இரட்டைத் தடம் 2015 முதல் மின்மயமாகி இயங்குகிறது. இந்தப் பயணத்தை வெறும் இடப்பெயர்ச்சியாகக் கொள்ளாமல் பகலில் மேற்கொள்ளுமாறு பரிந்துரைக்கிறேன். ஈப்போவின் சுண்ணாம்புக் குன்றுகளும், தைப்பிங்கை அடுத்த ஏரியும், பிறகு தென்படும் செம்பனை (எண்ணெய்ப் பனை)த் தோப்புகளும், நம் முன்னோர் எந்த நிலத்தைத் திருத்தினார்கள் என்பதைச் சன்னலோரத்திலேயே காட்டிவிடும். சீட்டை இரயில் நிறுவனமான கேடிஎம்பியின் செயலியில் கடப்பிதழ் எண்ணைக் கொடுத்து முன்பதிவு செய்ய வேண்டும்.

சீட்டு எடுக்கும்போது நிலையத்தின் பெயரை இருமுறை படியுங்கள். 'சுங்கை' என்றால் மலாயில் ஆறு. சுங்கை பூலோ, சுங்கை சிப்புட், சுங்கை பட்டாணி என்று அதே இரயில் தடத்தில் மூன்று ஊர்கள் இருக்கின்றன. தமிழகத்திலிருந்து வந்த ஆய்வாளர் ஒருவர் பேரா மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் இறங்கிவிட்டார். அதுவும் தோட்டங்கள் சூழ்ந்த, தமிழர் நிறைந்த ஊராகையால், எதிரே கோவிலையும் பூக்கடையையும் பார்த்து, சரியான இடத்துக்கே வந்துவிட்டோம் என்று நம்பி ஒரு மணி நேரம் எங்களுக்காகக் காத்திருந்தார். பீடோங்குக்குத் தனியாக இரயில் நிறுத்தம் இல்லை. இறங்க வேண்டியது சுங்கை பட்டாணியே.

பேருந்தில் வருவோர் கோலாலம்பூரின் டிபிஎஸ் நிலையத்திலிருந்து வரலாம். ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். சொந்தமாக வண்டி ஓட்டி வருவோருக்கு வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் சுங்கை பட்டாணி வடக்கு வெளியேற்றம் வசதியானது. சுங்கச்சாவடிகளில் ரொக்கம் வாங்கமாட்டார்கள். டச் அண்ட் கோ அட்டையில் போதிய தொகையை முன்பே ஏற்றிக்கொள்ள வேண்டும். சிங்கப்பூர்ப் பதிவு எண் கொண்ட வண்டிகளுக்கு வாகன நுழைவு அனுமதி தேவை. அவ்வண்டிகள் ரோன் 95 பெட்ரோலை நிரப்பக் கூடாது.

சுங்கை பட்டாணி நிலையத்திலிருந்து அரங்கத்துக்குக் கிராப் செயலியில் வண்டி அழைக்கலாம். பகலில் எளிதாகக் கிடைக்கும். ஆனால் இரவு விருந்தும் கலைநிகழ்ச்சியும் முடிந்து பத்தரை மணிக்குச் செமிலிங்கிலிருந்தோ மெர்போக்கிலிருந்தோ வண்டி அழைத்தால் நெடுநேரம் காத்திருக்க நேரும், சில இரவுகளில் வண்டியே அமையாது. ஏற்பாட்டாளரின் பேருந்து எத்தனை மணிக்குப் புறப்படுகிறது என்பதைக் காலையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பேருந்து இல்லையெனில், பகலில் உங்களை ஏற்றிவந்த ஓட்டுநரிடமே இரவுக்கும் பேசி வைத்துக்கொள்வது இவ்வூரில் எல்லோரும் செய்வது. ஓட்டுநர் தமிழராக இருந்தால் 'அண்ணே' என்றும், வயதில் மூத்தவராயின் 'ஐயா' என்றும் அழைத்துப் பேசினால் மகிழ்ச்சியோடு வருவார்கள்.

தங்குமிடம்

பெரிய விடுதிகள் சுங்கை பட்டாணியில்தான் உள்ளன. பீடோங்கில் அறைகள் குறைவு. வெள்ளி, சனி இரவுகளில் திருமணங்கள் நடப்பதால் அறைகள் முன்கூட்டியே நிரம்பிவிடும். பல்கலைக்கழகப் பட்டமளிப்பு வாரம் குறுக்கிட்டால் நிலைமை இன்னும் கடினம். குடும்பத்தோடோ, நான்கைந்து பேர் குழுவாகவோ வருகிறவர்களுக்கு 'ஹோம்ஸ்டே' பொருந்தும். இங்கே அச்சொல் பெரும்பாலும் ஒரு வீட்டை முழுவதுமாக நாள் வாடகைக்கு விடுவதையே குறிக்கிறது. வீட்டுக்காரர் கூடவே இருக்கமாட்டார். துண்டும் போர்வையும் எத்தனை பேருக்கு வைத்திருக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வெளிநாட்டினர் தங்கும் அறைக்கு ஓர் இரவுக்குப் பத்து ரிங்கிட் சுற்றுலா வரி உண்டு. அது விடுதி கேட்கும் கூடுதல் பணம் அன்று, சட்டப்படியான வரி.

மின்செருகி சிங்கப்பூரில் உள்ளது போன்ற சதுர மூன்று முனைச் செருகி. இந்திய வட்டச் செருகி நேரடியாகப் பொருந்தாது. கடிகாரத்தை இந்திய நேரத்திலிருந்து இரண்டரை மணி முன்தள்ளி வைக்க வேண்டும். காலை ஏழு மணியைக் கடந்துதான் இங்கே விடிகிறது. எனவே எட்டரை மணித் தொடக்க விழா உங்கள் உடலுக்கு விடியற்காலை ஆறு மணிபோலத் தோன்றும். ஒரு நாள் முன்னதாக வந்து இளைப்பாறினால் முதல் அமர்வில் தூக்கம் வராது.

அரங்கில்

மண்டபங்களில் குளிரூட்டி மிகக் கடுமையாக இருக்கும். வெளியே முப்பத்திரண்டு பாகை வெயில் அடிக்க, உள்ளே சால்வை தேவைப்படும். முதியோர் கட்டாயம் ஒன்று கொண்டுவர வேண்டும். கட்டுரை வாசிப்போருக்கு என் அழுத்தமான வேண்டுகோள்: திரைக்காட்சியை யூனிகோடு எழுத்துருவில் அமைத்து, எழுத்துரு உட்பொதிந்த பிடிஎப் கோப்பாகவும் ஒரு படி கொண்டுவாருங்கள். அரங்கக் கணினியில் உங்கள் எழுத்துரு இருக்கும் என்று நம்பி வந்தவர்களின் தமிழ், திரையில் கட்டங்களாகவும் கேள்விக்குறிகளாகவும் சிதைந்ததைப் பலமுறை கண்டிருக்கிறேன். பல மாத உழைப்பு அப்படிப் பத்து நிமிடத்தில் வீணாவதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. கணினியை இணைக்கும் வடத்தையும் சொந்தமாகக் கொண்டுவருவது பாதுகாப்பானது.

தொடக்க விழாவில் நாட்டுப்பண்ணாகிய நெகாராகூவும் அதன்பின் கெடா மாநிலப் பண்ணும் ஒலிக்கும். இரண்டுக்கும் எழுந்து அசையாமல் நிற்க வேண்டும். மலேசியாவில் பாடப்படும் தமிழ் வாழ்த்து தமிழ்நாட்டில் பாடப்படுவது அன்று; எனவே பழக்கத்தில் உடன் பாடத் தொடங்கிவிட வேண்டாம். மேடையில் பேசுவோர் பிரமுகர்களை விளிக்கும் முறை இந்நாட்டில் மிகவும் கவனிக்கப்படுகிறது. துன், டான்ஸ்ரீ, டத்தோஸ்ரீ, டத்தோ என்பன மாமன்னரோ சுல்தான்களோ ஆளுநர்களோ வழங்கும் விருதுப் பட்டங்கள். உயர்ந்த பட்டம் உடையவரையே முதலில் விளிக்க வேண்டும். துன் பட்டம் பெற்றவரின் மனைவி தோ புவான், டான்ஸ்ரீயின் மனைவி புவான்ஸ்ரீ, டத்தோவின் மனைவி டத்தின் என்று அழைக்கப்படுவர். பட்டத்தைத் தாமே பெற்ற பெண்மணி டத்தோ என்றே அழைக்கப்படுவார். அவரை டத்தின் என்று விளித்தால் அவருடைய தகுதியைக் குறைத்துவிடுவீர்கள். யாரெல்லாம் முன்வரிசையில் இருக்கிறார்கள் என்ற பட்டியலை அறிவிப்பாளரிடம் கேட்டு வாங்கி, அதே வரிசையில் படிப்பதே நல்லது.

சாப்பாடு

'பசியாறிவிட்டீர்களா?' என்று காலையில் உங்களைக் கேட்பார்கள். மலேசியத் தமிழில் பசியாறுதல் என்பது காலை உணவு உண்பது. இந்த அழகிய சொல்லைப் பிற நாட்டுத் தமிழர் இங்கிருந்து எடுத்துச் செல்ல வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ரொட்டி சானாய், தோசை, நாசி லெமாக் ஆகியவை வழக்கமான காலை உணவுகள். தே என்றால் பாலும் சர்க்கரையும் சேர்ந்த தேநீர். பால் வேண்டாமெனில் தே ஓ. சர்க்கரையும் வேண்டாமெனில் தே ஓ கோசோங் என்று சொல்ல வேண்டும். உணவைக் கட்டி எடுத்துச் செல்ல 'பொங்குஸ்' என்றால் போதும்.

சைவ உணவு உண்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காய்கறி என்று கேட்டாலே சைவமாக இருக்கும் என்பதற்கு இங்கே உறுதியில்லை. கீரை வதக்கலில் பெலாச்சான் எனப்படும் இறால் விழுது இருக்கும். நாசி லெமாக்கின் சம்பலில் நெத்திலி இருக்கும். வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகளில் மீன் குழம்பும் சாம்பாரும் அருகருகே இருப்பதால், கரண்டி மாறாமல் பரிமாறச் சொல்லி முதலிலேயே கேட்டுக்கொள்ளலாம்; 'அக்கா, நான் சுத்த சைவம்' என்று சொன்னால் கடையில் உள்ளவர்கள் பொறுப்போடு எடுத்து வைப்பார்கள். சீனர் நடத்தும் சைவக் கடைகளில் இறைச்சி போலவே செய்யப்பட்ட சோயா உணவுகளைக் காண்பீர்கள், அவை சைவமே. சாப்பாட்டுக் கடைகளில் புகைபிடிப்பது 2019 முதல் தடை செய்யப்பட்டுள்ளது. திறந்த வெளியில் போடப்பட்ட மேசைகளுக்கும் இது பொருந்தும். குழாய் நீரைக் கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும்.

பணமும் உடல்நலமும்

ரிங்கிட்டை இங்குள்ள தமிழர் 'வெள்ளி' என்றும், சென் என்னும் சில்லறையைக் 'காசு' என்றும் சொல்வர். 'எட்டு வெள்ளி' என்றால் எட்டு ரிங்கிட். வெள்ளிக்கிழமையைப் பற்றிப் பேசுவதாக எண்ணிக் குழம்ப வேண்டாம். ரொக்கமாகக் கட்டும் தொகை ஐந்து காசுக்கு முழுமையாக்கப்படும். பெரிய கடைகளில் வங்கி அட்டை செல்லும். சிறு கடைகளில் ரொக்கம் தேவை என்பதால் பத்து, இருபது ரிங்கிட் தாள்களை வைத்துக்கொள்ளுங்கள். சிம் அட்டையை விமான நிலையத்திலேயே கடப்பிதழைக் காட்டி வாங்கிவிடுவது எளிது.

அவசர அழைப்பு எண் 999. சுங்கை பட்டாணியில் சுல்தான் அப்துல் ஹாலிம் மருத்துவமனை என்னும் அரசு மருத்துவமனை இருக்கிறது. தனியார் மருத்துவமனைகளும் உள்ளன. அரசு மருத்துவமனையிலும் வெளிநாட்டினருக்குக் கட்டணம் அதிகமாகையால் பயணக் காப்புறுதி எடுத்து வருவது அறிவுடைமை. டெங்கிக் காய்ச்சல் உள்ள நாடு இது. மாலையில் கொசு விரட்டி பூசிக்கொள்ள வேண்டும். செப்டம்பர் முதல் நவம்பர் வரை பிற்பகல் மழை மிகுதி, ஆகவே குடை அவசியம். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை வறட்சியான வெயில். அப்போது பால்மரங்கள் இலையுதிர்ந்து செம்பழுப்பாக நிற்பதைப் பார்க்கலாம்.

ஓர் அரைநாளேனும் வெளியே

இத்தனை தொலைவு வந்துவிட்டு விடுதியையும் மண்டபத்தையும் மட்டும் பார்த்துத் திரும்புவோரைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கும். மெர்போக்கில், 1,217 மீட்டர் உயரமுள்ள ஜெராய் மலையின் அடிவாரத்தில், பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்பொருள் அருங்காட்சியகம் இருக்கிறது. பீடோங்கிலிருந்து அரை மணி நேரப் பயணம். இராசேந்திர சோழன் 1025ஆம் ஆண்டளவில் படையெடுத்த கடாரம் இந்தக் கெடாவே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அருங்காட்சியக வளாகத்தில் புக்கிட் பத்து பஹாட் சண்டி என்னும் கோயிலின் அடித்தளம் சீரமைக்கப்பட்டு, அது எழுப்பப்பட்ட இடத்திலேயே ஓடையோரமாக நிற்கிறது. வேறு இடங்களில் அகழ்ந்தெடுத்த சில சண்டிகளை இங்கே பெயர்த்துக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். படிக்கட்டுகள் வழுக்கும் என்பதால் நல்ல பிடிப்புள்ள காலணி அணிந்து வாருங்கள். சுங்கை பத்துவில் 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தினர் அகழ்ந்த பண்டைய இரும்பு உருக்குலைகளையும் பார்க்கலாம். அவற்றின் காலக் கணிப்பு பற்றி அறிஞர்களிடையே வாதம் நடந்துகொண்டிருக்கிறது. 2013இல் பதினோராம் எண் சண்டியின் எச்சங்கள் நில மேம்பாட்டுப் பணிக்காக இடிக்கப்பட்டுவிட்டன என்ற செய்தி வந்தபோது இவ்வட்டாரமே கலங்கியது. எஞ்சியிருப்பவற்றின் மேல் ஏறி நின்று படம் எடுக்காதீர்கள்.

தோட்டம் பார்க்க விரும்புவோர் பலர். தோட்டங்கள் தனியார் நிலம்; நிர்வாகத்தின் அனுமதியின்றி உள்ளே போகக் கூடாது. மாநாட்டு ஏற்பாட்டாளர் வழியாகவோ உள்ளூர்க்காரர் ஒருவரின் துணையோடோ போக வேண்டும். பால் வெட்டு விடியுமுன் தலைவிளக்கு வெளிச்சத்தில் தொடங்கி, வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும்; வெயிலில் பால் ஓட்டம் குறைந்துவிடுவதே காரணம். இரவில் மழை பெய்திருந்தால் அன்று வெட்டு இருக்காது. ஆகவே காலை எட்டு மணிக்குள் அங்கே இருந்தால்தான் வேலையைக் காண முடியும். மரத்தில் கட்டியிருக்கும் மங்கு என்னும் பால் கிண்ணத்தைத் தொட வேண்டாம். அதில் வடிந்திருப்பது ஒருவருடைய அன்றைய கூலி. செம்பனை மரத்தடியில் நிற்கவே கூடாது. குலைகள் கனமானவை, மட்டைகள் முட்கள் நிறைந்தவை. பழைய கித்தா (ரப்பர்)த் தோட்டங்களில் பல இன்று செம்பனைக்கும் வீடமைப்புத் திட்டங்களுக்கும் மாறிவிட்டன. வேலை செய்வோரில் வங்காளதேச, இந்தோனேசியத் தொழிலாளர்களும் உள்ளனர். எஞ்சியுள்ள லயத்து வீடுகளில் (தோட்டத் தொழிலாளருக்காக வரிசையாகக் கட்டியவை) இன்னும் குடும்பங்கள் வாழ்கின்றன. அவை காட்சிப் பொருள்கள் அல்ல. வாசலில் நிற்கும் பாட்டியிடம் வணக்கம் சொல்லி, எந்த ஊர்ப் பூர்வீகம் என்று கேட்டு, இசைவு பெற்ற பிறகே படம் எடுங்கள். பெரும்பாலும் படத்துக்கு முன்பே உங்களுக்குத் தேநீர் வந்துவிடும்.

தமிழ்ப்பள்ளிக்குச் செல்ல விரும்பினால் தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். மலேசியாவில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. தமிழ் வகுப்பு முதன்முதலாக 1816இல் பினாங்கில் தொடங்கியது. கெடாவில் பள்ளி நடப்பது ஞாயிறு முதல் வியாழன் வரை என்பதை நினைவில் வைத்து நாளைக் குறியுங்கள். கையில் ஏதேனும் கொண்டுபோக எண்ணினால் சிறுவர் கதை நூல்கள் நான்கைந்து போதும். நூலகத்தில் அவை உடனே கைமாறும்.

திரும்பும் நாள்

மாநாட்டில் நூல் சேர்ந்து பெட்டி கனத்துவிடுவது எல்லோருக்கும் நேர்வது. விடுதியில் எடை பார்த்து, மிகுதியானால் அஞ்சலில் அனுப்பலாம். அஞ்சலகமும் வெள்ளிக்கிழமை திறந்திருக்காது. பினாங்கில் பன்னாட்டு விமானம் ஏறுவோர் பீடோங்கிலிருந்து ஐந்து மணி நேரம் முன்னதாகப் புறப்பட வேண்டும்; ஞாயிறு மாலையிலும் விடுமுறை முடியும் நாளிலும் இன்னும் ஒரு மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். கோலாலம்பூரில் ஏறுவோர் அதே நாளில் இரயிலில் சென்று விமானம் பிடிக்கத் திட்டமிட்டால், இரயில் கேஎல் சென்ட்ரலை அடையும் நேரத்துக்கும் விமானம் புறப்படும் நேரத்துக்கும் இடையே குறைந்தது ஐந்து மணி நேரம் இருக்கட்டும். காலை ஒன்பது மணிக்கு முந்தைய விமானமாக இருந்தால் முதல்நாள் மாலையே பினாங்குக்கோ கோலாலம்பூருக்கோ போய்த் தங்கிவிடுங்கள். விடியற்காலை நான்கு மணிக்குப் பீடோங்கில் விழித்திருப்போர் பால் வெட்டுக்குப் புறப்படுவோர் மட்டுமே. வாடகை வண்டி கிடைக்காது.